ஊத் வாசிச்சுக்கிட்டே ஜாஸ் பண்றவர்: ரபி அபு கலீல் கேட்டவங்க இருக்கீங்களா?

அல்சூர்க்காரன்
வெள்ளி இரவு 11.20

வணக்கம் மக்களே. ராஜா சாருக்கு இழை ஓடுது, ரகுமானுக்கு ஓடுது, மார்கழிக் கச்சேரிக்கு வருஷம் முழுக்க ஓடுது, இதுக்கு மட்டும் ஒண்ணுமே இல்ல, அதான் நானே ஆரம்பிச்சிட்டேன்.

ஊத்னு ஒரு வாத்தியம். அரபு நாடுங்க, துருக்கி, ஆர்மீனியா பக்கமெல்லாம் வாசிக்கறாங்க. பேரிக்காய ரெண்டா வகுந்த மாதிரி வயிறு, குட்டைக் கழுத்து, தலை அப்படியே பின்னாடி மடங்கியிருக்கும். பெரும்பாலும் 11 கம்பி, அதுல 5 ஜோடி, ஒண்ணு தனியா கனமா இருக்கும். முக்கியமான விஷயம், வீணை, கிட்டார் கழுத்துல குறுக்க இருக்குமே மெட்டு (fret), அது இதுல கிடையாது, வெறும் பலகை. அரபில ஊத்னா மரம்னு அர்த்தமாம், அந்த 'அல் ஊத்' தான் ஸ்பெயின் வழியா ஐரோப்பாவுக்குள்ள போயி லூட்னு ஆச்சு.

இதை வெச்சு ஜாஸ் ஆளுங்களோட வாசிச்சவர் தான் ரபி அபு கலீல். 1957ல பெய்ரூட்ல பொறந்தவர், லெபனான்ல உள்நாட்டுப் போர் நடந்துட்டிருந்தப்போ 1978ல கிளம்பி மியூனிக் போய்ட்டார், அங்க போயி மேற்கத்திய புல்லாங்குழல் படிச்சார். 80கள்ல இருந்து ஆல்பமா போட்டுக்கிட்டே இருக்கார்.

எனக்கு எப்படி தெரியும்னா, எங்க சித்தப்பா ஆபீஸ் வேலையா ஜெர்மனி போய்ட்டு வந்தப்போ ஒரு பத்து சிடி கொண்டாந்தார், எல்லாரும் சாக்லேட் இருக்கான்னு பெட்டிய துழாவினாங்க, நான் சிடி பக்கம் போனேன். அதுல ஒண்ணு ப்ளூ கேமல், 1992ல ரெக்கார்ட் பண்ணது. போட்டு ரெண்டாவது பாட்டு ஓடிட்டிருக்கு, அம்மா சமையல்கட்டுல இருந்து கரண்டியோட வெளிய வந்து நின்னாங்க. "யாருடா அது, நம்மூர்க்காரன் வாசிக்கறான் இதுல?"ன்னாங்க. நான் இல்லம்மா இது அரபுப் பாட்டுன்னேன். "தாளத்த கேளு"ன்னு சொல்லிட்டு உள்ள போய்ட்டாங்க. சிடி அட்டைய திருப்பிப் பார்த்தா ரமேஷ் ஷோத்தம், தென்னிந்திய தாள வாத்தியங்கள்னு போட்டிருக்கு!

அன்னைக்கு ஆரம்பிச்சது, இன்னும் விடல. வேற யாராச்சும் கேட்டிருந்தா வந்து பேசுங்க, தனியா கேட்டுக்கேட்டு யார்கிட்டயும் சொல்ல முடியாம இருக்கு.

ஆறுகம்பி
வெள்ளி இரவு 11.48

மச்சி சூப்பர் இழை. ஆனா நான் கேட்டதெல்லாம் ராக் பக்கம் தான். ஜான் பெர்பெரியன்னு ஒரு ஆர்மீனிய அமெரிக்கர், 1969ல மிடில் ஈஸ்டர்ன் ராக்னே பேர் வெச்சு ஒரு ஆல்பம் போட்டார், ஊத் வாசிக்கறார், கூட ஜோ பெக் கிட்டார். கரகரன்னு ஒலிக்கற ஃபஸ் எஃபெக்ட் போட்ட கிட்டாரும் ஊத்தும் மாத்தி மாத்தி சண்டை போடற மாதிரி இருக்கும், ஹெட்போன்ல கேட்டா அந்த வருஷத்து வாசனையே வரும். அப்புறம் டேவிட் லிண்ட்லி, மனுஷன் 2023ல போய்ட்டார், சாஸ், ஊத், பூசுக்கினு கழுத்து வெச்ச எதையும் விட்டு வெக்கல. அவர் ஆரம்பத்துல இருந்த கலைடோஸ்கோப் பேண்ட் 60கள்லயே துருக்கி மெட்டையும் ராக்கையும் ஒரே ரெக்கார்டுல போட்டுச்சு.

நீ சொல்ற ஆளு ரொம்ப சாதுவா இருப்பாரோன்னு தான் இதுவரை தொடல. டிரம்ஸ் அடி இருக்குமா அதுல?

புதுசா கேக்கறேன்
சனி காலை 7.05

அண்ணா நான் ஒயிட்ஃபீல்டுல இருக்கேன், ஜாஸ்னா சாக்ஸபோன்னு மட்டும் தான் தெரியும். எதுல இருந்து ஆரம்பிக்கட்டும்? ரொம்ப கஷ்டமா இல்லாம சொல்லுங்க.

மல்லேஸ்வரம் ரசிகர்
சனி காலை 8.30

தம்பி, நல்ல ஆர்வத்தோட எழுதியிருக்கீங்க, படிக்க சந்தோஷமா இருந்தது. ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நான் நாற்பது வருஷமா சாமராஜபேட்டை ராமநவமிப் பந்தல்ல உக்காந்து கேட்டவன். இந்த ஃப்யூஷன்னு சொன்னாலே எனக்கு மனசு ஒட்ட மாட்டேங்குது. ஒரு வயலின், ஒரு கீபோர்டு, ஒரு டிரம் செட், ஒரு கடம், எல்லாத்தையும் மேடையில ஏத்தி ஆபேரிய வேகமா வாசிக்கறாங்க, கடைசியில தனி ஆவர்த்தனம் மாதிரி ஆளாளுக்கு அடிக்கறாங்க, கூட்டம் எழுந்து கை தட்டுது. வீட்டுக்கு வந்து யோசிச்சா ராகமும் நிக்கல, அவங்க ஜாஸும் நிக்கல. எல்லாத்தையும் ஒரே பானையில போட்டா கிச்சடி தானே. நீங்க சொல்ற இவர் அதுல இருந்து எப்படி வேற? தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்.

அல்சூர்க்காரன்
சனி காலை 10.10

சார் கும்பிடறேன். நீங்க கேட்ட கேள்விக்குத்தான் நான் இந்த இழையே ஆரம்பிச்சேன்னு கூட சொல்லலாம், கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

ப்ளூ கேமல்ல யார் யார் வாசிக்கறாங்கன்னு பாருங்க. ஊத் ரபி. ஆல்டோ சாக்ஸ் சார்லி மரியானோ. ட்ரம்பெட்டும் ஃப்ளூகல்ஹார்னும் கென்னி வீலர். பேஸ் ஸ்டீவ் ஸ்வாலோ, எலக்ட்ரிக் பேஸ். தாளத்துக்கு மூணு பேர், ஃப்ரேம் டிரம் நபில் கையாத், காங்கா மில்டன் கார்டோனா, நம்ம ரமேஷ் ஷோத்தம். அவ்ளோ தான். இப்ப இதுல யாரெல்லாம் இல்லன்னு பாருங்க சார். பியானோ இல்ல. கிட்டார் இல்ல. ஆறுகம்பி மச்சி நீ கேட்ட டிரம் செட்டும் இல்ல. ஜாஸ் ஆல்பத்துல பியானோவும் கிட்டாரும் டிரம்ஸும் இல்லாம ஏழு பேரு உக்காந்திருக்காங்க!

ஏன்னா அரபு மகாம்ல, நமக்கு ராகம் மாதிரி அவங்களுக்கு மகாம், சில ஸ்வரம் பியானோ கட்டையில சிக்காது. ராஸ்த்னு ஒரு மகாம், அதோட காந்தாரம், அதாவது க, நம்ம சின்ன க-வான சாதாரண காந்தாரத்துக்கும் பெரிய க-வான அந்தர காந்தாரத்துக்கும் நடுவுல நிக்கும், நிஷாதமும், அதாவது நி, அதே மாதிரி நடுவுல. பியானோ பக்கத்துல வந்தா ஒண்ணு ஊத்காரர் அந்த ஸ்வரத்த விடணும், இல்ல ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு உரசும். சாக்ஸபோன் உதட்டால வளைச்சுக்கும், ஃப்ளூகல்ஹார்னும் வளைச்சுக்கும், பேஸ் ஆதார ஸ்வரத்த புடிச்சுக்கிட்டு வழி விட்டுடும். நீங்க மேடையில பார்த்தது எல்லாத்தையும் ஏத்தற வேலை சார், இவர் பண்றது இறக்கி விடற வேலை.

இன்னொண்ணு, முக்கால்வாசி நேரம் ஊத்தும் சாக்ஸும் ஒரே மெட்ட சேர்ந்து வாசிக்கும், பல ஸ்வரத்த ஒண்ணா அடுக்கி கார்டு (chord) போட்டு அடியில மெத்தை விரிக்கறதே கிடையாது. நம்ம கச்சேரில பாட்டும் வயலினும் ஒட்டிக்கிட்டே போகுமே, அந்த மாதிரி. ஊத் தட்டின உடனே நாதம் செத்துடும், சாக்ஸ் அந்த ஸ்வரத்த மூச்சால புடிச்சு நீட்டும். ஒண்ணுல ஆரம்பிச்சு இன்னொண்ணுல முடியற ஸ்வரம்! இதை கவனிக்க எனக்கே ரெண்டு வருஷம் ஆச்சு, முதல்ல ஏதோ ஒரே புது வாத்தியம்னு தான் நெனச்சேன்.

சார்லி மரியானோ யாருன்னு சொன்னா உங்களுக்கு இன்னும் பிடிக்கும். பாஸ்டன்ல பொறந்த ஜாஸ் ஆளு, 1973ல கீழ்வேளூர் வந்து நாகஸ்வரம் கத்துக்கிட்டவர். நம்ம நாகப்பட்டினம் பக்கத்துக் கீழ்வேளூர் தான். அதுக்கப்புறம் 1983ல நம்ம பெங்களூர் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் கூட, ராமமணி அம்மா பாடி, ஜோதினு ஒரு ஆல்பம் இசிஎம் கம்பெனில வந்துச்சு. அந்த ஆளு தான் ப்ளூ கேமல்ல ஊதறார். அதனால அம்மா "நம்மூர்க்காரன்"னு சொன்னது ஒருத்தருக்கு மட்டும் இல்ல, ரெண்டு பேருக்கும் பொருந்துதுன்னு எனக்கு அப்புறமா தான் புரிஞ்சுச்சு.

புதுசா கேக்கறேன் தம்பி, நீ ப்ளூ கேமல்ல இருந்தே ஆரம்பி, முதல் பாட்டு சஹாரா. பாட்டு கேக்கறப்போ வேற வேலை வெச்சுக்காத, அது போதும்.

தவுல் வீட்டுப் பையன்
சனி மதியம் 1.15

ஸ்ரீராம்புரத்துல இருந்து எழுதறேன். எங்க தாத்தா கோயில் தவுல். ரமேஷ் ஷோத்தம் பேரப் பார்த்ததும் உள்ள வந்துட்டேன்.

அவர் கதை ராக்குல ஆரம்பிக்குது, ஆறுகம்பி அண்ணா கேட்டுக்கோங்க. மெட்ராஸ்ல பொறந்தவர், 70கள் ஆரம்பத்துல ஹ்யூமன் பாண்டேஜ்னு ஒரு ராக் பேண்ட், அதுல டிரம்ஸ் வாசிச்சார், அண்ணன் தம்பி ரெண்டு பேரும் அதுல இருந்தாங்க. அதுக்கப்புறம் தான் பெங்களூர்ல கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன்ல தவுல் கத்துக்கிட்டார், டி.ஏ.எஸ். மணி சார் 1964ல ஆரம்பிச்ச பள்ளிக்கூடம் அது. பொதுவா குடும்பத்துல பொறந்து தவுல் எடுத்துட்டு அப்புறம் வெளிய போவாங்க, இவர் டிரம் செட்டுல இருந்து தவுலுக்கு வந்திருக்கார். எங்க தாத்தாகிட்ட இதை சொன்னப்போ கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "வலந்தலைக்கு விரல்ல கூடு கட்டிக்கிட்டு வாசிச்சாரா?"ன்னு தான் கேட்டார். அரிசி மாவுக் கூழும் துணியும் வெச்சு ஒவ்வொரு விரலுக்கும் கூடு செஞ்சு காய வைக்கறது எங்க வீட்டுல ஒரு நாள் வேலை, அதை பண்ணவன் தான் தவுல்காரன்னு தாத்தா கணக்கு.

அரபு தாளத்துக்கும் நம்மளுக்கும் எங்க ஒட்டுதுன்னா, அவங்ககிட்ட சமாயினு ஒரு பத்து எண்ணிக்கை இருக்கு, 3, 2, 2, 3னு பிரியும். சொல்லிப் பாருங்க, தகிட தக தக தகிட. நம்ம வாய்ல அப்படியே உக்காருது. நமக்கு கண்ட சாபு தக தகிட, மிஸ்ர சாபு தகிட தகதிமி, ரெண்டையும் கோயில்ல நின்னு கேட்டு வளர்ந்தவனுக்கு இந்த சமமில்லாம பிரியற கணக்கு பயமே இல்ல. மேற்கத்திய டிரம்மர் நிறைய பேரு இதை எண்ணி வாசிப்பாங்க, எண்றது கேக்கும். ரமேஷ் சார் எண்ணல, சொல்கட்டுல யோசிக்கறார், அதான் அல்சூர் அண்ணாவோட அம்மாவுக்கு சமையல்கட்டுல இருந்தே தெரிஞ்சிருக்கு.

ரபியோட அல் ஜதிதா, தராப்னு ரெண்டு ஆல்பத்துலயும் அவர் இருக்கார். தராப்ல நேய்ங்கற நாணல் குழல் செலீம் குசுர் வாசிக்கறார், அதை ராத்திரி கேளுங்க.

ஆறுகம்பி
சனி மாலை 4.40

கேட்டேன். ப்ளூ கேமல் முழுசா, ரெண்டு தடவை. சாதுன்னு நெனச்சது என் தப்பு. டிரம் செட் இல்லாம இவ்ளோ உந்துதல் எங்க இருந்து வருதுன்னு தெரியல, கேட்டுக்கிட்டே பைக் ஓட்டினா அவுட்டர் ரிங் ரோடுல ஃபைன் கட்டியிருப்பேன்னு வீட்டுலயே கேட்டேன். ஸ்வாலோ பேஸ பிக் வெச்சு வாசிக்கறதால ஒவ்வொரு ஸ்வரமும் முனையோட வந்து விழுது, அதுல தான் அந்த ராக் உந்துதல் ஒளிஞ்சிருக்கு, காதுல வந்து நிக்குது.

ஆனா பியானோ விஷயத்துல உன்கூட ஒத்துப் போக முடியல. அனுவார் பிராஹெம் கேட்டிருக்கியா? துனிசியா. அவரும் ஊத் தான். 2017ல ப்ளூ மகாம்ஸ், டேவ் ஹாலண்ட் பேஸ், ஜாக் டிஜானெட் டிரம்ஸ், ஜாங்கோ பேட்ஸ் பியானோ. பியானோவும் இருக்கு, டிரம் செட்டும் இருக்கு, அழகா நிக்குது. அதுக்கு முன்னாடி 2002ல ஒரு ஆல்பம், ஊத், பியானோ, அக்கார்டியன் மூணே மூணு. அப்போ பியானோ இல்லாததால தான் நல்லாருக்குன்னு எப்படி சொல்ற?

அல்சூர்க்காரன்
சனி இரவு 9.25

நல்ல இடத்துல புடிச்ச. பிராஹெம் எனக்கும் உயிர். நான் சொன்னதை கொஞ்சம் திருத்திக்கறேன்.

பியானோ கூடவே கூடாதுன்னு இல்ல. பிராஹெம் பியானோவ கூப்பிட்டுட்டு ஊத்த அதுக்கேத்த மாதிரி எங்க நிறுத்தணும்னு பார்த்து நிறுத்தறார். அவர் ஆல்பத்துல பியானோ வர்ற இடத்துல பெரும்பாலும் நஹாவந்த், ஹிஜாஸ், குர்து மாதிரி கட்டைல சிக்கற மகாம் சாயல் தான் எனக்கு கேக்குது. அதோட அவங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அடிச்சுக்கறதே இல்ல, ஒருத்தர் பேசி முடிச்சு அடங்கினப்புறம் தான் இன்னொருத்தர். இடைவெளி தான் அங்க பாதி சங்கீதம். ரபி வேற ஆளு, அவருக்கு கூட்டமா ஓடணும், எல்லாரும் சேர்ந்து ஒரு திருப்பத்துல திரும்பணும், அப்போ பியானோ இடிக்கும். ரெண்டு பேருமே எதை விடணும்னு முடிவு பண்ணிட்டு தான் உக்காந்திருக்காங்க. அதைத்தான் நான் சார்கிட்ட சொல்ல வந்தேன், பியானோன்னு சுருக்கிட்டேன்.

ரசிகர் சார், மகாம் பேரெல்லாம் பயமுறுத்தும், ஆனா நமக்கு பாதி தெரிஞ்ச வீடு தான். அஜம்னா ஏறக்குறைய சங்கராபரணத்து ஸ்வரம். குர்து தோடியோட ஸ்வரம், ஸ்வரத்த அசைக்கற கமகம் மட்டும் வேற. ஹிஜாஸ் கீழ்ப்பாதி மாயாமாளவகௌளையோட கீழ்ப்பாதி தான், ஹிஜாஸ் கார்னா மேல்பாதியும் சேர்ந்து முழு மாயாமாளவகௌளை ஸ்வரம். சின்னப் பசங்க நாம முதல் நாள் சரளி வரிசை பாடின ஸ்வரம் சார் அது, அவங்க ஊர்ல கல்யாணத்துலயும் பள்ளிவாசல்லயும் ஓடிட்டிருக்கு.

மல்லேஸ்வரம் ரசிகர்
ஞாயிறு காலை 6.50

தம்பி, ராத்திரி தராப் கேட்டேன். தவுல் வீட்டுத் தம்பி சொன்ன நேரத்துல. நாணல் குழல் நல்லா மனசுல இறங்கித்து. கமகம் நம்ம மாதிரி இல்ல, ஸ்வரத்த அசைக்காம ஓரத்த மட்டும் தொட்டுட்டுப் போறா, ஆனா பொய்யில்ல. வேகத்துக்கு ஆசைப்படல.

ஒண்ணு மட்டும் இன்னும் இடிக்கறது. மெட்டு இல்லாத வாத்தியம்னா நம்மகிட்ட சித்திரவீணை இருக்கே, அதுல இல்லாத வழுக்கலா இதுல?

வீணைவீட்டுப் பொண்ணு
ஞாயிறு காலை 9.15

இவ்ளோ நேரம் படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இதுக்கு நான் வரலாம்னு நெனைக்கறேன். ஐயா, சித்திரவீணைல கம்பி மேல ஒரு கட்டைய வெச்சு நகத்தறோம், விரல் கம்பியத் தொடாது. அதனால நீளமா இழுக்கலாம், நாதமும் ரொம்ப நேரம் நிக்கும். ஊத்ல விரல் நுனியே மெட்டு. விரல்சதை கம்பிய பலகைல அமுக்குது, சதை மெத்துன்னு இருக்கறதால தான் நாதம் சீக்கிரம் அடங்குது. அதனால அவங்க நீட்டறதுக்கு வேற வழி கண்டுபிடிச்சிருக்காங்க, ரீஷானு கம்பிய மீட்டற ஒரு நீளக் குச்சி, முன்னாடி கழுகு இறகுல செஞ்சாங்க, இப்போ பிளாஸ்டிக், அதால ஒரே ஸ்வரத்த மேலயும் கீழயும் படபடன்னு அடிச்சு நிறுத்துவாங்க. வீணைல நாம மெட்டுல கம்பிய பக்கவாட்டுல இழுக்கறோம். மூணும் மூணு கை.

மாண்டலின் ஸ்ரீநிவாஸ் பேரு இதுல வராம போகக்கூடாது, அதுவும் லூட் குடும்பம் தானே. வெளிநாட்டு வாத்தியம், மெட்டு கெட்டியா இருக்கு, கமகம் வராதுன்னு சொன்ன வாத்தியத்துல எலக்ட்ரிக் வெச்சு, கம்பிய அஞ்சாக்கி, சின்ன வயசுல 1983ல பெர்லின் ஜாஸ் விழாவுல கர்நாடக சங்கீதம் வாசிச்சார். ஜாஸ் வாசிக்கல, நம்மளோடதை வாசிச்சார். பின்னாடி கிட்டார் ஜான் மெக்லாக்லின், தபலா ஜாகிர் உசேன் கூட ரிமெம்பர் சக்தி குழுவுல வந்தப்போ கூட அவர் குரல் மாறவே இல்ல. 2014ல 45 வயசுல போனார், அன்னைக்கு எங்க வீட்ல வீணை எடுக்கல.

அல்சூர் அண்ணா, நீங்க ஊத் வாசிப்பீங்களா? எழுதறதைப் பார்த்தா கையில இருக்கற மாதிரி தெரியுது.

அல்சூர்க்காரன்
ஞாயிறு மதியம் 12.30

கண்டுபிடிச்சிட்டீங்க. இருக்கு. வாசிப்பேன்னு சொல்ல முடியாது, கத்துக்கிட்டிருக்கேன்.

மூணு வருஷம் முன்னாடி ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்டா வாங்கினேன். போட்டோல பளபளன்னு இருந்துச்சு. பெட்டிய பிரிச்சா கழுத்து முன்னாடி வளைஞ்சிருக்கு, கம்பி பலகைல இருந்து ஒரு பென்சில் நுழையற உயரம், அமுக்கினா விரல் வெட்டுது. திரும்ப எடுத்துக்க மாட்டேன்னுட்டார், அதுக்கப்புறம் போனே எடுக்கல. ரெண்டு கிட்டார் கடைக்கு தூக்கிட்டுப் போனேன், இது என்னன்னே தெரியாதுன்னு கை விரிச்சாங்க. கம்பிய முறுக்கி ஸ்ருதி சேர்க்கற பிரடை வேற நிக்காது, ஸ்ருதி சேத்து கண்ண மூடறதுக்குள்ள டொய்ங்னு இறங்கிடும். பெங்களூர் மார்ச் ஏப்ரல்ல காத்து காய்ஞ்சு கிடக்கும், அப்போ இன்னும் மோசம். அழுகையே வந்துச்சு, ரெண்டு மாச சம்பளத்துல சேர்த்து வெச்ச காசு.

கடைசில வீணை ரிப்பேர் பண்ற ஒரு பெரியவர்கிட்ட போனேன். அவர் அதுவரை ஊத் பார்த்ததில்ல. கையில வாங்கினார், முதல்ல தட்டிப் பார்த்தார், வயித்துல அந்த மெல்லிசு மரப் பட்டைங்க சேர்ற இடமெல்லாம் நகத்தால தடவினார். அப்புறம் ஒரு பிரடைய உருவி வெளிச்சத்துல காட்டினார். தடிச்ச பக்கம் மட்டும் ஒரு கறுப்பு வளையம் பளபளன்னு இருக்கு, மெல்லிசு பக்கம் மரம் புதுசு மாதிரி அப்படியே இருக்கு. "ஒரு ஓட்டையில தான் உக்காருது, இன்னொண்ணுல தொங்குது, அப்புறம் எப்படி நிக்கும்"னார். தடிச்ச பக்கத்த கொஞ்சம் கொஞ்சமா சுரண்டி, போட்டுப் பார்த்து, எடுத்துப் பார்த்து, மறுபடி சுரண்டி, ரெண்டு பக்கமும் வளையம் விழற வரைக்கும் விடல. மேல சாக்பீஸ தேய்ச்சு விட்டார். பதினோரு பிரடைக்கும் இதே வேலை, முழுசா ஒரு மத்தியானம் போச்சு. கழுத்துக்கு இன்னொரு நாள் வரச் சொன்னார், அடியில பிரிச்சு மறுபடி சாய்ச்சு ஒட்டினார். காசு ரொம்ப கம்மியா தான் கேட்டார், நான் தான் கூட வெச்சுட்டு வந்தேன்.

அன்னைக்கு ராத்திரி முதல் தடவையா ஸ்ருதி விடியற வரைக்கும் நின்னுச்சு. காலைல எழுந்து ஒத்தைக் கம்பிய மட்டும் தட்டினேன், அப்படியே இருந்துச்சு.

புதுசா கேக்கறேன்
ஞாயிறு மாலை 5.20

அண்ணா சஹாரா கேட்டேன். முதல் தடவை ஒண்ணும் புரியல, ஏதோ பாலைவனப் படத்துப் பாட்டு மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது தடவை நீங்க சொன்ன மாதிரி ஊத்துல ஆரம்பிச்சு சாக்ஸ்ல முடியற ஸ்வரத்த தேடினேன், ஒரு இடத்துல மாட்டுச்சு, அதுக்கப்புறம் எல்லா இடத்துலயும் அதான் கேக்குது. இப்போ எட்டாவது பாட்டு பெய்ரூட் தான் திரும்பத் திரும்ப ஓடுது. அவர் விட்டுட்டு வந்த ஊர் தானே அது?

அல்சூர்க்காரன்
ஞாயிறு மாலை 6.00

ஆமா தம்பி. அதே ஊர்.

தவுல் வீட்டுப் பையன்
ஞாயிறு இரவு 8.10

தாத்தாவுக்கு போட்டுக் காட்டினேன். காது கொஞ்சம் மந்தம், அதனால ஸ்பீக்கர் பக்கத்துலயே சேர் போட்டு உக்கார வெச்சேன். மூணு தாளக்காரங்க சேர்ந்து வர்ற இடத்துல தொடையில தட்ட ஆரம்பிச்சார், ரெண்டு இடத்துல விட்டுட்டார், மூணாவது சுத்துல பிடிச்சுட்டார். முடிஞ்சதும் ஒண்ணே ஒண்ணு தான் சொன்னார், "யாரும் யாரையும் அமுக்கல". எங்க தாத்தா வாயில இருந்து ஒரு தாளக்காரனுக்கு இதுக்கு மேல வராது, எங்க அப்பாவுக்கே இது கிடைச்சதில்ல.

மல்லேஸ்வரம் ரசிகர்
ஞாயிறு இரவு 9.35

தாத்தாவுக்கு என் நமஸ்காரம் சொல்லுங்கோ தம்பி.

அல்சூர்த் தம்பி, நான் இன்னும் ஃப்யூஷன் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கப் போறதில்ல. ஆனா அந்த ராஸ்த் காந்தாரம்னு சொன்னீங்களே, ரெண்டுக்கும் நடுவுலன்னு, அது தான் தூங்க விடல. நம்ம சங்கீதத்துலயும் காந்தாரம் ஒரு இடத்துல நிக்கறதில்லையே, ராகத்துக்கு ராகம் நகர்றது, ஆனா நாம அதை அசைச்சு அசைச்சு காட்டறோம். அவா அந்த நடு இடத்துல அசையாம நிறுத்தறான்னா அதுக்கு ஒரு தைரியம் வேணும். யாராவது வாசிச்சுக் காட்ட முடியுமா?

வீணைவீட்டுப் பொண்ணு
திங்கள் இரவு 10.15

ஐயா, முயற்சி பண்ணேன். பண்ணதை அப்படியே சொல்றேன்.

அல்சூர் அண்ணா போன்ல ஊத்ல ராஸ்த் மெதுவா வாசிச்சு அனுப்பினார், அதை ஒரு காதுல போட்டுக்கிட்டேன். வீணைல சாதாரண காந்தார மெட்டுல விரல வெச்சு கம்பிய இழுத்தா அந்தர காந்தாரம் வரைக்கும் போகலாம், அது கை பழக்கம், கண்ண மூடிக்கிட்டே வரும். பாதில நிறுத்தணும்னதும் கை கேக்கல. ஒண்ணு மெட்டுக்கே திரும்பிடுது, இல்ல அந்தரத்துக்கே ஓடிடுது. இருபது வருஷப் பழக்கம் விரல்ல உக்காந்துக்கிட்டு இடம் கொடுக்க மாட்டேங்குது. ஒரு மணி நேரம் ஆச்சு. விரலடி சிவந்து கோடு விழுந்துடுச்சு. அப்புறம் இழுக்கறதுக்கு முன்னாடியே அந்த ஸ்வரத்த வாயால பாடிட்டு, பாடின இடத்துக்கு மட்டும் கம்பிய கொண்டு போனேன், நின்னுச்சு. ஒரு மூச்சு அளவு தான், ஆனா அசையாம நின்னுச்சு. நிஷாதத்துக்கும் அதே மாதிரி.

ச ரி அந்த க ம ப த அந்த நி ச, ஏறி இறங்கி ரெண்டு தடவை வாசிச்சிருப்பேன், பாட்டி உள்ள இருந்து கூப்பிட்டாங்க. "ஏண்டி, கரகரப்ரியாவா சங்கராபரணமா? எதுல நிக்கறே நீ?"

ரெண்டும் இல்ல பாட்டி, நடுவுலன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "இன்னொரு தடவை வாசி"ன்னாங்க.

அல்சூர்க்காரன்
திங்கள் இரவு 10.40

வர்ற ஞாயித்துக்கிழமை காலைல வீணைய தூக்கிட்டு வாங்க, பாட்டியும் வரட்டும். அல்சூர் மெட்ரோல இறங்கினா நான் ஆட்டோவோட நிக்கறேன். ரசிகர் சார் நீங்களும் வரணும், தவுல் தம்பி தாத்தாவ கேட்டுப் பாரு. அம்மா எல்லாருக்கும் இட்லி ஊத்தறேன்னு சொல்லிட்டாங்க, எத்தனை பேருன்னு மட்டும் வியாழனுக்குள்ள சொல்லிடுங்க, மாவு அரைக்கணும்.